விவாகரத்து மனு: எழுதும் முன்னும் தீர்ப்புக்குப் பின்னும்

விவாகரத்து கேட்க முடிவெடுத்தவர், வழக்கறிஞரைத் தேடிப் போகும் முன் திருமணச் சான்றிதழை எடுத்து, அதில் எந்தச் சட்டத்தின் பெயர் அச்சிட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி பதிவானது என்றால் மனு அந்தச் சட்டத்தின் கீழ் போகும். இருவரும் இந்துக்களாகவே இருந்தாலும், 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணம் நடந்திருந்தால் விவாகரத்து மனுவும் அந்தச் சட்டப்படிதான் இருக்க வேண்டும். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 என்று இருந்தால் அது எல்லா மதத்தாருக்கும் பொதுவான பதிவு மட்டுமே. விவாகரத்துக்கு அவரவருக்குரிய திருமணச் சட்டத்தையே பார்க்க வேண்டும். சட்டத்தை மாற்றிப் போட்ட மனுவை நீதிமன்ற அலுவலகமே திருப்பிவிடும்; சரிசெய்து மறுபடி தாக்கல் செய்வதற்குள் வாரக்கணக்கில் நாள் போகும்.

பதிவே செய்யாதவர்கள் கலங்க வேண்டாம். பதிவு இல்லை என்பதால் இந்துத் திருமணம் செல்லாமல் போவதில்லை. அழைப்பிதழ், தாலி கட்டும் புகைப்படம், கோயிலிலோ மண்டபத்திலோ கொடுத்த ரசீது, உடனிருந்த இரண்டு பேரின் சாட்சியம் இவையே போதும். புரோகிதர் இல்லாமல் நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தையும் இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-இல் கொண்டுவந்த 7ஏ பிரிவு முழுத் திருமணமாகவே ஏற்கிறது. அதை முறிக்கவும் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முத்திரைத்தாளில் "இனி எங்களுக்குள் எந்த உறவும் இல்லை" என்று எழுதி, நோட்டரி முத்திரை வாங்கி, ஊர்ப் பெரியவர்கள் கையெழுத்தும் போட்டுவிட்டால் விவாகரத்து ஆகிவிட்டது என்று நம்புகிறவர்கள் இன்னும் ஏராளம். அந்தத் தாளுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. சாதி வழக்கப்படி அறுத்துக்கொள்ளும் உரிமையை அதே சட்டத்தின் 29(2) பிரிவு காப்பாற்றுகிறது என்பது உண்மைதான். ஆனால் அப்படியொரு வழக்கம் தொன்றுதொட்டுத் தொடர்ந்து இருந்துவருகிறது என்று அதைச் சொல்கிறவர்தான் நிரூபிக்க வேண்டும், பெரும்பாலும் முடிவதில்லை. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்தால் இரண்டாவது திருமணம் செல்லாது. இருதார மணக் குற்றத்துக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு.

கீழே சொல்வது பெரும்பாலும் இந்து திருமணச் சட்டத்தை ஒட்டியது. புத்தர், சமணர், சீக்கியருக்கும் அதே சட்டம்தான். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பிரிவு எண்கள் வேறு (27, 28), நடைமுறை ஏறக்குறைய ஒன்றே.

எப்போது, எங்கே

திருமணம் நடந்து ஓராண்டு ஆகும் முன் விவாகரத்து மனு போட முடியாது என்கிறது 14-ஆம் பிரிவு. தாங்க முடியாத கொடுமை என்று நீதிபதியை நம்பவைத்தால் மட்டும் தனி அனுமதி கிடைக்கும். ஏமாற்றித் திருமணம் செய்தது, தாம்பத்திய இயலாமை போன்றவற்றுக்குத் திருமணத்தையே ரத்து செய்யக் கேட்கும் 12-ஆம் பிரிவு தனி. அதற்கு ஓராண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் மோசடி தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போட்டாக வேண்டும், தெரிந்த பிறகு சேர்ந்து வாழ்ந்திருக்கவும் கூடாது. இந்தக் கெடுவைத் தவறவிட்டுவிட்டு வருகிறவர்கள் பலர்.

திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் வசிக்கும் ஊர், கடைசியாக இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஊர் இவற்றில் எங்கும் மனு போடலாம். மனைவி மனுதாரர் என்றால் அவர் இப்போது வசிக்கும் ஊரிலும் போடலாம். இந்த உரிமை 2003-இல் வந்தது. குடும்பநல நீதிமன்றம் உள்ள ஊரில் அங்கேயும், இல்லாத இடத்தில் சார்பு நீதிமன்றத்திலும் தாக்கல் ஆகும். கணவர் தொலைவில் உள்ள ஊரில் வழக்குப் போட்டு மனைவியை அலைய வைத்தால், தமிழ்நாட்டுக்குள் என்றால் உயர் நீதிமன்றத்திலும், வேறு மாநிலம் என்றால் உச்ச நீதிமன்றத்திலும் வழக்கை மாற்றக் கேட்கலாம். கைக்குழந்தை, வருமானம் இன்மை, பயணத் தொலைவு இந்த மூன்றையும் நீதிமன்றங்கள் பெரும்பாலும் கருணையோடு பார்க்கின்றன.

பரஸ்பர சம்மதம்: முதலில் முடிக்க வேண்டியது பேச்சுவார்த்தை

இருவருக்கும் சம்மதம் என்றால் 13பி பிரிவு. ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும், இனிச் சேர்ந்து வாழ முடியாது என்றும், முறித்துக்கொள்ளலாம் என்றும் இருவரும் ஒப்ப வேண்டும். பிரிந்து வாழ்வது என்றால் வீடு வேறாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அது பிரிவுதான் என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் சுரேஷ்தா தேவி வழக்கில் சொல்லிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் எந்த மாதத்திலிருந்து என்று மனுவில் தெளிவாக எழுத வேண்டும். "சில காலமாக" என்று எழுதினால் நீதிபதி கேட்பார்.

சம்மத விவாகரத்து தடம்புரள்வது பெரும்பாலும் பணம், நகை, குழந்தை இந்த மூன்றில்தான். "முதலில் மனுவைப் போடுவோம், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்" என்ற அவசரம்தான் இந்த வகை வழக்கின் மிகப் பெரிய எதிரி. காரணம் எளிது: தீர்ப்பு வரும் நிமிடம் வரை எந்த ஒருவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். ஒருவர் வராமல் இருந்துவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளவும் நீதிமன்றத்தால் முடியாது. மனு தள்ளுபடியாகும், மற்றவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே நிபந்தனைகள் எல்லாம் எழுத்தில் முடிந்த பிறகே கையெழுத்து.

அந்த ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவற்றைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

ஜீவனாம்சத் தொகை ஒரே தடவை என்றால் எவ்வளவு, எந்தத் தேதியில், எந்த வழியில் என்று எழுத வேண்டும். முழுத் தொகையையும் மனு போட்ட அன்றே கொடுத்தால், வாங்கியவர் பின்வாங்கும்போது கொடுத்தவர் மாட்டிக்கொள்வார். எல்லாம் தீர்ப்புக்குப் பிறகு என்றால் வாங்க வேண்டியவருக்குப் பிடிமானமே இல்லை. தாக்கலின்போது ஒரு பகுதி, இறுதி விசாரணை நாளில் நீதிபதி முன்னிலையில் மீதி என்று பிரிப்பதுதான் இரு பக்கத்துக்கும் பாதுகாப்பு. மீதித் தொகையை வங்கி வரைவோலையாக எடுப்பது வழக்கம். அது மூன்று மாதம்தான் செல்லும். வாய்தா தள்ளிப்போனால் காலாவதியான வரைவோலையோடு நீதிமன்றத்தில் நிற்க நேரும். எடுத்த தேதியைக் கவனியுங்கள்.

நகைக்குப் பொத்தாம்பொதுவாக "நகைகள் திருப்பித் தரப்பட்டன" என்று எழுதக் கூடாது. உருப்படி வாரியாகப் பெயர், கிராம் எடை, முடிந்தால் புகைப்படம், வாங்கிக்கொண்டவர் கையெழுத்து எல்லாம் பட்டியலில் இருக்க வேண்டும். சீர்வரிசைப் பாத்திரம், பீரோ, வண்டி போன்றவற்றுக்கும் இதே முறைதான். பெண்ணுக்கு வந்த சீதனம் பெண்ணுக்கே சொந்தம். கணவர் வீட்டில் இருப்பதால் மட்டும் அது குடும்பச் சொத்து ஆகிவிடாது என்று 1985-இல் பிரதிபா ராணி வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தீர்த்துச் சொன்னது. ஜீவனாம்சத்தில் அதைக் கழிக்கக் கேட்பதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கூட்டாக வாங்கிய வீடு இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். "வீடு மனைவிக்கு, கடன் கணவருக்கு" என்று ஒப்பந்தத்தில் எழுதலாம். ஆனால் வங்கியை அது கட்டுப்படுத்தாது. இருவர் பெயரிலும் கடன் இருந்தால், தவணை நின்றால் வங்கி இருவரையும் துரத்தும். கடனை முடிப்பது, அல்லது வங்கி ஒப்புதலோடு ஒருவர் பெயருக்கு மாற்றுவது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே வழி. வீட்டை மாற்றிக் கொடுப்பதற்குப் பதிவான பத்திரம் வேண்டும். குடும்ப உறுப்பினர்களுக்கு இடையிலான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களுக்கு (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்)த் தமிழ்நாட்டில் முத்திரைக் கட்டணச் சலுகை இருப்பதால், தீர்ப்புக்குப் பிறகு பதிந்தால் அந்தச் சலுகை கைநழுவும். பத்திரப் பதிவும் இறுதி விசாரணையும் அடுத்தடுத்து வரும்படி நாள் குறித்துக்கொள்வது நல்லது.

குழந்தை விஷயத்தில் "பரஸ்பரம் பேசி முடிவு செய்துகொள்வோம்" என்ற வரி பிற்காலச் சண்டைக்கு விதை. பேசி முடிவெடுக்க முடிந்தவர்களாக இருந்தால் இந்த நிலைமையே வந்திருக்காது. குழந்தை யாரோடு இருக்கும், மற்றவர் எந்தக் கிழமை எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை பார்ப்பார், யார் கொண்டுவந்து விடுவார், எங்கே, பொங்கல் தீபாவளி யாரோடு, முழு ஆண்டு விடுமுறையில் எத்தனை நாள், வீடியோ அழைப்பு எப்போது, பள்ளிக் கட்டணத்தை நேரே பள்ளிக்கே யார் கட்டுவார், ஆண்டுதோறும் எவ்வளவு உயர்த்துவது, மருத்துவச் செலவு எப்படிப் பிரியும், பாஸ்போர்ட்டுக்குக் கையெழுத்துப் போட மறுக்கக் கூடாது என்பது வரை எழுத வேண்டும். மனைவி தனக்கு ஜீவனாம்சம் வேண்டாம் என்று விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பராமரிப்பு உரிமை குழந்தையுடையது. அதை விட்டுக்கொடுக்கத் தாய்க்கும் அதிகாரம் இல்லை, எழுதிக் கொடுத்தாலும் பின்னால் குழந்தைக்காகக் கேட்கலாம்.

கடைசியாக, நிலுவையில் உள்ள மற்ற வழக்குகள். குடும்ப வன்முறை மனுவையும் ஜீவனாம்ச மனுவையும் போட்டவரே திரும்பப் பெறலாம். வரதட்சிணைக் கொடுமை வழக்கு அப்படி முடியாது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 498ஏ ஆனாலும், 2024 ஜூலை 1-க்குப் பிறகான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85 ஆனாலும், சமரசம் ஆகிவிட்டது என்று காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தால் மட்டும் வழக்கு மறைந்துவிடாது. உயர் நீதிமன்றத்தில் ரத்து மனு போட்டு, புகார் கொடுத்தவர் தனக்கு ஆட்சேபம் இல்லை என்று உறுதிமொழிப் பத்திரம் தர வேண்டும். அதற்கு எந்தத் தேதிக்குள் ஒத்துழைப்பார் என்பது ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

இந்த ஒப்பந்தத்தை வீட்டில் பூட்டி வைத்தால் பயனில்லை. மனுவோடு இணைத்து, தீர்ப்பாணையின் பகுதியாக ஆக்கக் கேளுங்கள். அப்போதுதான் மீறினால் நிறைவேற்றுமனு போட முடியும். தனித் தாளாக இருந்தால் அதற்கென்று வேறு வழக்கு நடத்த வேண்டிவரும்.

ஆறு மாதம்

சம்மத மனு தாக்கலான தேதியிலிருந்து ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள் இருவரும் மறுபடி வந்து "இன்னும் சம்மதம்" என்று சொல்ல வேண்டும். மனம் மாறக் கொடுத்த அவகாசம் அது. 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில், இந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்ய விசாரணை நீதிமன்றத்துக்கே அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைக்காது. மனு போடும் முன்பே ஒன்றரை ஆண்டு பிரிவு முடிந்திருக்க வேண்டும். சமரச முயற்சி எல்லாம் நடந்து தோற்றிருக்க வேண்டும். ஜீவனாம்சமும் குழந்தையும் மற்றதும் உண்மையாகவே தீர்ந்திருக்க வேண்டும். காத்திருப்பது வேதனையை நீட்டுவதற்கு மட்டுமே உதவும் என்ற நிலை இருக்க வேண்டும். முதல் நிலை, அதாவது சம்மத மனுவைத் தாக்கல் செய்யும் கட்டம், முடிந்து ஒரு வாரம் கழித்து, காரணங்களைச் சொல்லி இதற்கென ஒரு மனுவைத் தனியாகப் போடலாம். பேச்சுவார்த்தையை முன்பே முடித்தவர்களுக்குத்தான் இந்தச் சலுகை கைகூடும்.

விசாரணை நாளில் நீதிபதி கேட்பவை அதிகம் இல்லை. திருமணம் எப்போது, எப்போதிருந்து பிரிந்திருக்கிறீர்கள், யாராவது வற்புறுத்தினார்களா, நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டீர்களா? நீங்களே பதில் சொல்ல வேண்டும். பெற்றோரோ வழக்கறிஞரோ குறுக்கிட்டால் வற்புறுத்தல் இருக்குமோ என்ற சந்தேகம் வரும். வெளிநாட்டில் இருப்பவர் காணொளி வழியாக ஆஜராக அனுமதி கேட்கலாம். முன்கூட்டி மனு போட்டு ஆணை வாங்காமல் அன்றைக்கு வந்து கேட்டால் வாய்தாதான் கிடைக்கும்.

தாக்கலுக்குக் கொண்டுபோக வேண்டியவை: திருமணச் சான்று அல்லது அழைப்பிதழ், திருமணப் புகைப்படம், இருவரின் ஆதார், முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், தனித்தனியாக வசிப்பதைக் காட்டும் வாடகை ஒப்பந்தமோ ரசீதோ. பெயர் எழுத்து வேறுபாட்டைத் தாக்கலுக்கு முன் பாருங்கள். அழைப்பிதழில் வீட்டுப் பெயரும் ஆதாரில் வேறு பெயரும் இருந்தால் மனுவில் "என்கிற" போட்டு இரண்டையும் எழுத வேண்டும். விட்டுவிட்டால் தீர்ப்பில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் இன்னொரு பெயர் என்று ஆகி, பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் சிக்கல்.

ஒருவர் மறுத்தால்

சம்மதம் இல்லை என்றால் 13(1) பிரிவில் உள்ள காரணங்களில் ஒன்றையாவது நிரூபிக்க வேண்டும். கொடுமை, தகாத உறவு, இரண்டு ஆண்டு கைவிட்டுப் போனது, மதம் மாறியது, தீராத மனநோய், பால்வினை நோய், துறவு, ஏழாண்டாகத் தகவலே இல்லாதது ஆகியவை அந்தக் காரணங்கள். தொழுநோயை 2019-இல் நீக்கிவிட்டார்கள். இவை தவிர மனைவிக்கு மட்டும் சில கூடுதல் காரணங்கள் உண்டு.

"எங்களுக்குள் ஒத்துவரவில்லை" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. மீட்க முடியாதபடி முறிந்த திருமணம் என்ற ஒரே காரணத்துக்காக விவாகரத்து தரும் அதிகாரம், அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆம் கூறின்படி உச்ச நீதிமன்றத்துக்கு மட்டுமே. 2023 மே 1-ஆம் தேதி ஷில்பா சைலேஷ் வழக்கில் அதுவே உறுதியானது. அதைச் செய்தியில் படித்துவிட்டுக் குடும்பநல நீதிமன்றத்தில் அதே காரணத்தைச் சொன்னால் எடுபடாது.

பெரும்பாலான மனுக்கள் கொடுமை என்ற காரணத்தில் நிற்கின்றன. தோற்பதும் அதில்தான், ஏனென்றால் "அடிக்கடி திட்டினார், மதிக்கவில்லை" என்று எழுதுகிறார்கள். எந்தத் தேதி, எந்த இடம், என்ன நடந்தது, யார் பார்த்தார்கள், அதற்குப் பின் என்ன ஆயிற்று என்று சம்பவம் சம்பவமாக எழுத வேண்டும். சம்பவத்துக்குப் பிறகு மனமொத்துச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், மன்னித்துவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். பிறகு மறுபடி நடந்ததை எழுதி அதை உடைக்க வேண்டும். கைவிட்டுப் போனது என்ற காரணத்துக்கு, மனு போடும் நாளுக்கு முன் முழு இரண்டு ஆண்டு தொடர்ச்சியாக முடிந்திருக்க வேண்டும். இருபது மாதத்தில் போட்ட மனு, வழக்கு நடக்கும் காலத்தைக் கூட்டிச் சேர்த்துக்கொள்ளாது.

மனு எண்ணிட்டதும் எதிர்மனுதாரருக்குச் சம்மன் போகும். முகவரி சரியாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்புக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று பழைய முகவரியைக் கொடுத்து ஒருதலைப்பட்சத் தீர்ப்பு வாங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தீர்ப்பை, சம்மன் முறையாகக் கைக்கு வந்து சேரவில்லை என்று காட்டி, தெரியவந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் ரத்து செய்ய மனு போடலாம். அதற்குள் மறுமணம் ஆகியிருந்தால் மூன்று பேரின் வாழ்க்கை சிக்கலாகும். மறுபக்கம், சம்மன் வந்ததும் வாங்க மறுப்பதால் வழக்கு நின்றுவிடாது. கதவில் ஒட்டியோ, பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தோ வழக்கு நகரும். வாங்கிக்கொண்டு ஆஜராவதே நல்லது.

ஆஜரான பின் ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் சட்டப்பூர்வக் கடமை. அங்கே பேசியதை வைத்து விவாகரத்தைச் சம்மதமாக மாற்றிக்கொள்ளவும் முடியும். கடும் சண்டையாகத் தொடங்கிய பல வழக்குகள் இங்கேதான் 13பி ஆகின்றன. சலிப்போடு போய் உட்காராமல், உங்கள் நிபந்தனைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குடும்பநல நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்துக்கொள்வது உரிமையல்ல, அனுமதி. நடைமுறையில் அனுமதி கிடைக்கிறது என்றாலும், வக்காலத்து போட்டாயிற்று என்று வீட்டில் இருந்துவிட முடியாது. உங்களை நேரில் வரச் சொல்வார்கள்.

பிறகு எதிருரை (எதிர்மனுதாரரின் எழுத்துப் பதில்), மனுதாரரின் நிரூபண வாக்குமூலம், ஆவணங்கள் குறியீடு, குறுக்கு விசாரணை, எதிர்மனுதாரர் சாட்சியம், வாதம், தீர்ப்பு. ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று 21பி சொல்கிறது. உண்மையில் ஆண்டுக்கணக்கில் போகிறது. குறுக்கு விசாரணை வரும் வாய்தாவுக்குச் சாட்சியோடு தயாராக வராததுதான் தாமதத்துக்கு முக்கியக் காரணம். உங்கள் வழக்கின் 16 இலக்கச் சி.என்.ஆர். எண்ணை (அந்த வழக்குக்கே உரிய அடையாள எண்) வாங்கி வைத்துக்கொண்டு, இ-கோர்ட்ஸ் செயலியில் அடுத்த வாய்தாவையும் அன்றைய உத்தரவையும் நீங்களே பாருங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை அச்செடுத்துக் கொடுத்தால் மட்டும் ஆதாரம் ஆகாது. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியம் 63(4) பிரிவின்படி மின்னணு ஆவணச் சான்றிதழ் வேண்டும். பழைய போனை விற்றுவிடாமல் வைத்திருங்கள். துணைவருக்குத் தெரியாமல் பதிந்த தொலைபேசி உரையாடலையும் விவாகரத்து வழக்கில் ஏற்கலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதற்காக மற்றவர் போனுக்குள் உளவுச் செயலி வைப்பது வேறு குற்றம், அதில் இறங்க வேண்டாம். பொய்ப் புகார்களும் ஆயுதம் ஆகாது. கணவர் குடும்பத்தின் மீது அடுக்கிய ஆதாரமற்ற குற்றச்சாட்டுகளையே மனக் கொடுமையாக எடுத்துக்கொண்டு 2013-இல் கே. சீனிவாச ராவ் வழக்கில் விவாகரத்து தரப்பட்டது.

வழக்கு நடக்கும்போது சாப்பாட்டுக்கு

வருமானம் இல்லாதவர், கணவரோ மனைவியோ, 24-ஆம் பிரிவில் இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கேட்கலாம். மனைவியும் குழந்தைகளும் தனியாக, பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவிலும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125) கேட்கலாம். 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்குக்குப் பின், இரு தரப்பும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்தே ஆக வேண்டும்; வங்கிக் கணக்குகளின் கடந்த மூன்று ஆண்டு விவரமும் அதில் வரும். மறைத்தால் பொய்ச் சத்தியமாகும். ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்காகும், ஆகவே கேட்பதைத் தள்ளிப்போடுவது நஷ்டம். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று ஊரில் சொல்வார்கள். சட்டத்தில் அப்படி எந்த விகிதமும் இல்லை.

அடி, உதை, வீட்டைவிட்டுத் துரத்தல் என்றால் விவாகரத்துத் தீர்ப்புக்காகக் காத்திருக்காதீர்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில் மாஜிஸ்திரேட்டிடம் பாதுகாப்பு ஆணை, வீட்டில் வசிக்கும் உரிமை, பணம், குழந்தையின் தற்காலிகப் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். பெண்கள் உதவி எண் 181. வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பிக்கலாம், 15100-க்கும் அழைக்கலாம்.

மற்ற மதத்தார்

கிறிஸ்தவர்களுக்கு 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001-இல் சேர்த்த 10ஏ பிரிவில் சம்மத விவாகரத்து உண்டு. அதில் இரண்டு ஆண்டுப் பிரிவு என்று எழுதியிருப்பதை 2010-இல் கேரள உயர் நீதிமன்றம் ஓராண்டு என்று படித்தது. தமிழ்நாட்டில் போடுகிறவர்கள் தங்கள் நீதிமன்றம் எதைப் பின்பற்றுகிறது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு தாக்கல் செய்வது நல்லது. திருச்சபை தரும் ரத்து ஆணை மறுமணத்துக்குச் சட்டப்படி போதாது என்பதை உச்ச நீதிமன்றம் 1996-இல் தெளிவாக்கியது. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் ஆண்டு திருமண முறிவுச் சட்டம் இருக்கிறது. உடனடி முத்தலாக் 2017-இல் செல்லாததாகி, 2019-இல் மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமும் ஆனது. குலா (மனைவி தானே கேட்கும் மணமுறிவு) கேட்பவர்கள் குடும்பநல நீதிமன்றத்துக்கு வர வேண்டும். ஷரியத் கவுன்சில் கொடுக்கும் சான்றிதழ் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது.

தீர்ப்பு வந்த பிறகு

அன்றே நகல் மனு போட்டு, தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் குறைந்தது இரண்டாவது வாங்குங்கள். வாங்கியவுடன் பெயர், திருமணத் தேதி, நிபந்தனைகள் எல்லாவற்றையும் எழுத்துக்கு எழுத்துச் சரிபாருங்கள். எழுத்துப் பிழையை உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவில் அதே நீதிமன்றம் எளிதில் திருத்தும். ஐந்தாண்டு கழித்து விசாவுக்கு நிற்கும்போது அல்லாட வேண்டாம்.

சம்மதத் தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு கிடையாது. எதிர்த்து நடந்த வழக்கில், குடும்பநல நீதிமன்றச் சட்டம் முப்பது நாள் என்றும் இந்து திருமணச் சட்டம் தொண்ணூறு நாள் என்றும் சொல்வதால், தொண்ணூறு நாள் பொறுத்து, மேல்முறையீடு எதுவும் தாக்கலாகவில்லை என்று உயர் நீதிமன்ற இணையதளத்தில் பார்த்த பிறகே மறுமணப் பேச்சு. மேல்முறையீடு இருந்தால் அது முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

வருங்கால வைப்பு நிதி, ஆயுள் காப்பீடு, வங்கிக் கணக்கு, மியூச்சுவல் ஃபண்ட் இவற்றில் போட்ட வாரிசு நியமனம் விவாகரத்தால் தானாக மாறாது. ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாகப் படிவம் கொடுங்கள். கூட்டு வங்கிக் கணக்கை மூடி, கூடுதல் கிரெடிட் கார்டை ரத்து செய்து, நிறுவன மருத்துவக் காப்பீட்டில் துணைவர் பெயரை நீக்கியதற்கான ஒப்புகையையும் தீர்ப்பு நகலோடு ஒரே கோப்பில் வையுங்கள்.